உங்கள் ஒரு போன் போதாது: லண்டன் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கவுன்சிலர்களுக்கு வணக்கம்.

லண்டனின் பல கவுன்சில்களில் (உள்ளூராட்சி சபைகளில்) இன்று தமிழர்கள் உறுப்பினர்களாக இருக்கிறீர்கள். நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த மடல் உங்கள் எல்லாருக்கும் பொதுவானது. கவுன்சில் வீடுகளிலும், இலாப நோக்கற்ற வீட்டு நிறுவனங்களான ஹவுசிங் அசோசியேஷன்களின் வீடுகளிலும் வாடகைக்கு இருக்கும் எங்கள் சனத்தின் வீட்டுத் திருத்த வேலைகள் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் இழுபடுகின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில்தான் இருக்கிறேன். ஆங்கிலக் கடிதம் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பது வார இறுதிகளில் என் வேலையாகிவிட்டது. கொண்டுவருகிற கடிதங்கள் பெரும்பாலும் வீடு பற்றியவை. கூரை ஒழுகுகிறது, பொய்லர் நின்றுவிட்டது, யன்னல் பூட்டுப்படவில்லை, பிள்ளைகள் படுக்கிற அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவிலோ தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியிலோ உங்களைக் கண்டு ஒருவர் தன் வீட்டுப் பிரச்சினையைச் சொன்னால், பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டு போய் மின்னஞ்சல் போடுகிறீர்கள், போன் எடுத்துக் கேட்கிறீர்கள். அதுவரை அசையாமல் கிடந்த வேலை அந்தக் கிழமையே அசைகிறது. சம்பளம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லாத பதவியில் இருந்துகொண்டு, வேலையும் குடும்பமும் பார்த்து, மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறீர்கள். அதை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் எங்கள் கட்டடத்தில் நடந்ததைக் கேளுங்கள். மேல்மாடிக் குளியலறைக் குழாய் ஒன்று சுவருக்குள்ளேயே கசிந்து, கீழே இருந்த இரண்டு வீடுகளின் படுக்கையறைச் சுவர்களை நனைத்தது. ஒரு வீட்டு அண்ணருக்கு ஒரு கவுன்சிலரைத் தெரியும். அந்த அண்ணர் வீட்டுக்கு ஆட்கள் வந்து, ஊறிய பூச்சை உடைத்து, காய வைத்து, புதிதாகப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தங்கச்சி இருக்கிறார். அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஒரே குழாய், ஒரே தண்ணீர், வீட்டுச் சொந்தக்காரரும் ஒருவரே. அந்தத் தங்கச்சி பதிந்த வேலை கணினியில் 'முடிந்தது' என்று மூடப்பட்டிருந்தது. அடுத்த குளிர்காலத்திலும் அந்தச் சுவர் ஈரமாகவே இருந்தது.

உங்களைத் தெரிந்தவருக்கு நீங்கள் செய்யும் உதவி உண்மையான உதவிதான். ஆனால் உங்களுக்கு வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் உங்களோடு ஒருநாளும் கதைத்திராதவர்கள். அவர்களுக்கும் வேலை நடக்க வேண்டுமானால் கவுன்சில் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

ஒரு திருத்த வேலை எப்படிக் காணாமற்போகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கைக்கு வரும் அறிக்கைகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது.

வாடகைக்காரர் திருத்த வேலைக்கான போன் இலக்கத்துக்கு எடுக்கிறார். நீண்ட நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் பேசுகிறார், ஒரு வேலை இலக்கம் தருகிறார், ஒரு திகதி தருகிறார். காலை 8 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் ஆள் வரும். வாடகைக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இருக்கிறார். கடையிலும் பராமரிப்பு இல்லத்திலும் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அந்த லீவு என்பது அன்றைய சம்பளம். ஒருவரும் வரவில்லை. பின்னேரம் கீழே போய்ப் பார்த்தால் ஒரு அட்டை கிடக்கிறது: நாங்கள் வந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை. பிரதான வாசல் மணி பழுதாகிப் பல மாதம். அதைத் திருத்தச் சொன்னதும் இதே போல எங்கேயோ கிடக்கிறது. வந்தவர் எந்த மணியை அடித்திருப்பார்?

இப்போது அந்த வேலை 'உள்ளே போக வழியில்லை' என்று மூடப்பட்டுவிட்டது. திரும்ப எடுத்தால் புது இலக்கம், புதுத் திகதி. முதல் முறைப்பாடு எப்போது வந்தது என்பது அந்தப் புது இலக்கத்தில் இருக்காது. சில வேளை குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, முதலில் சுவரை உடைக்க வேண்டும், அது என் வேலை இல்லை என்கிறார். பூச்சுக்காரர் வந்து, கசிவு நிற்காமல் பூச ஏலாது என்கிறார். கூரை என்றால் சாரம் கட்ட மேலிடத்து அனுமதி வேண்டும். ஒவ்வொருவரும் வந்து போனதும் ஒவ்வொரு வேலை முடிந்த கணக்கில் சேர்கிறது. ஒரு குடும்பம் ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தது கணினியில் நாலைந்து சிறு வேலைகளாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் குறித்த காலத்துக்குள் முடிந்தது.

2023 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தின் சமூக வீட்டு உரிமையாளர்கள் (கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும்) வாடகைக்காரர் திருப்தி பற்றிய 22 அளவீடுகளைச் சேகரித்து வெளியிட வேண்டும். குறித்த காலத்துக்குள் முடிந்த திருத்த வேலைகள் நூற்றுக்கு எத்தனை என்பதும் அதில் ஒன்று. அந்தக் காலம் எவ்வளவு என்று வைப்பது வீட்டு உரிமையாளரே. அந்தத் தங்கச்சியின் ஈரச் சுவரும் இந்த நூற்று வீதத்துக்குள் நல்ல கணக்காகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்புறம் பூஞ்சணம். இதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாக அவமானப்படுகிறார்கள். பார்க்க வருகிறவர் சுவரைப் பார்க்க முதல் குசினியைப் பார்க்கிறார். சோறு அவிக்கிறீர்களா, உடுப்பை வீட்டுக்குள்ளே காயப் போடுகிறீர்களா, யன்னலைத் திறந்து வைக்கிறீர்களா, ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள்? பிறகு ஒரு மருந்தை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே ஒரு பெயின்ற் பூசிவிட்டு, யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். சில கிழமைகளில் அதே இடத்தில் அதே கறுப்பு. காற்று வெளியே போகும் விசிறி வேலை செய்யாத குளியலறை, குளிர் அப்படியே உள்ளே இறங்கும் வெளிச்சுவர், ஹீற்றரைப் போட்டால் கட்டுப்படியாகாத பில். இவற்றைப் பற்றி அந்தப் பிரசுரத்தில் ஒரு வரி கிடையாது.

இந்தப் பழிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. வேல்ஸில் டாஃப்-எலி என்ற கவுன்சிலின் வீட்டில் இருந்த குவிக் என்பவர் வழக்குப் போட்டார். உலோகச் சட்டகம் போட்ட யன்னல்களில் குளிரில் நீர் கோத்து வழிந்து, படுக்கையும் தளபாடமும் பழுதாகின. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. யன்னல் உடையவில்லை, சுவர் இடியவில்லை. ஆகவே 'திருத்த' எதுவும் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வீட்டின் கட்டமைப்பையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், வெப்பமூட்டும் வசதிகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று அதே 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர்-வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கட்டடமே பிழையாகக் கட்டப்பட்டு, அதனால் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடித்தால் அந்தப் பிரிவு பெரும்பாலும் உதவவில்லை. அந்த ஓட்டையை அடைக்க மூன்று தசாப்தங்களுக்கு மேல் எடுத்தது. கேரன் பக் என்ற அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று சொன்னது. ஈரலிப்பும் அதற்குள் அடங்கும்.

சட்டம் வந்த பிறகும் மனப்பான்மை மாறவில்லை என்பதற்கு மான்செஸ்டருக்குப் பக்கத்து ரொச்டேல் நகரம் சாட்சி. சூடானிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே ஒரு படுக்கையறை பிளாட்டில் இருந்தது. 2017இலேயே தகப்பன் பூஞ்சணம் பற்றி முறையிட்டார்; மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2020 ஜூலையில் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தாதியும் வீட்டு உரிமையாளரான நிறுவனத்துக்கு அறிவித்தார். குடும்பம் சட்டத்தரணியை நாடியதும், வழக்கு விடயத்தில் உடன்பாடு வரும்வரை திருத்த வேலையைத் தொடங்குவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் நடைமுறையாக இருந்தது. 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்தநாள் முடிந்து சில நாட்களில், அவாப் இஷாக் என்ற அந்தக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாங்களாக ஊகித்துக்கொண்டது பிழை என்று நிறுவனம் அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டது.

இதை வாசிக்கும்போது எனக்கு அந்தக் குடும்பம் தூரத்துக் குடும்பமாகத் தெரியவில்லை. அகதியாக வந்தவர்கள், சின்ன பிளாட், ஆங்கிலம் தடங்கும், முறைப்பாடு செய்தால் தங்கள் மேலேயே குற்றம். லண்டனில் எத்தனை தமிழ் வீடுகளில் இன்று இரவு ஒரு பிள்ளை தொய்வு (ஆஸ்துமா) பம்ப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இப்படியொரு சுவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது?

அந்தப் பிள்ளையின் பெயரால்தான் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. அவாப் சட்டத்தின் முதற்கட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ளது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரலிப்பு, பூஞ்சணம் என்றால் தெரியவந்து 10 வேலைநாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். விசாரணை முடிந்து 3 வேலைநாட்களுக்குள் கண்டுபிடித்ததை எழுத்தில் தர வேண்டும். 5 வேலைநாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். திரும்ப வராமல் தடுக்கும் பெரிய வேலைகளை உடனே தொடங்க முடியாவிட்டால் 12 கிழமைக்குள்ளாவது தொடங்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க முடியாவிட்டால் அவர்கள் செலவிலேயே வேறு இடம் தர வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் மேலே நான் சொன்ன கணினிப் பதிவை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளருக்கு விடயம் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. வேலை ஒவ்வொரு முறையும் மூடப்பட்டுப் புது இலக்கத்தில் திறக்கப்பட்டால், அந்த நாள் எது? இன்னொன்று. தன்னால் இயன்றதெல்லாம் செய்தேன் என்று காட்டினால் வீட்டு உரிமையாளர் தப்பலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 'போனோம், உள்ளே போக வழியில்லை' என்ற அந்தப் பதிவு நாளைக்கு நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாட்சியாக நிற்கும். பழுதான வாசல் மணிக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனவரின் அட்டை, வீட்டுக்குள்ளே காத்திருந்த பெண்ணுக்கு எதிராகத் திரும்பும்.

ஆகவே என் முதல் கேள்வி இதுதான், உங்கள் மூலமாக. உங்கள் கவுன்சிலிலும், உங்கள் பகுதியில் வீடு வைத்திருக்கும் ஹவுசிங் அசோசியேஷன்களிலும், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை திருத்த வேலைகள் 'உள்ளே போக வழியில்லை' என்று மூடப்பட்டன? அதில் எத்தனை அதே வீட்டில் அதே பழுதுக்காகத் திரும்பத் திறக்கப்பட்டன? மூடுவதற்கு முன் போன் எடுத்துப் பார்த்தார்களா? திறந்திருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் முதல் முறைப்பாடு வந்த திகதி பதிவில் இருக்கிறதா? வீட்டுவசதி பற்றிய மேற்பார்வைக் குழுவில் இதைக் கேளுங்கள். நூற்று வீதத்தைக் காட்டினால் திருப்திப்படாமல், மிகப் பழைய வேலைகளின் பட்டியலைக் கேளுங்கள்.

இனி உங்கள் மின்னஞ்சலுக்கே வருகிறேன். நீங்கள் ஒரு வாடகைக்காரருக்காக எழுதும்போது அது 'உறுப்பினர் விசாரணை' என்ற தனி வழியில் போகிறது. அதற்குத் தனி அதிகாரி, தனிக் காலக்கெடு. வேலை நடக்கிறது, உங்களுக்குப் பதில் வருகிறது. ஆனால் முறைப்பாட்டுப் பதிவேட்டில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. வாடகைக்காரர் நாளைக்கு, வீட்டு முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போனால் கையில் ஒரு கடிதமும் இருக்காது. வருட முடிவில் முறைப்பாடுகள் குறைந்துவிட்டன என்று அறிக்கை வரும். அந்த அறிக்கைக்கு நீங்களும் கை உயர்த்துவீர்கள்.

ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின் முறைப்பாட்டு விதிக்கோவை 2024 ஏப்ரல் 1 முதல் சட்ட வலுவுள்ளது. வாடகைக்காரர் 'முறைப்பாடு' என்ற சொல்லைப் பாவிக்க வேண்டியதில்லை, அதிருப்தியைச் சொன்னாலே போதும் என்கிறது அது. இன்னொருவர் அவருக்காகக் கொண்டுவந்தாலும் அதை முறைப்பாடாகவே கையாள வேண்டும் என்கிறது. அந்த இன்னொருவர் நீங்களாகவும் இருக்கலாம். எனவே அடுத்த முறை எழுதும்போது, அவருடைய சம்மதத்தோடு, 'இதை முதற்கட்ட முறைப்பாடாகப் பதியவும், பிரதியை வாடகைக்காரருக்கும் அனுப்பவும்' என்று ஒரு வரி சேருங்கள். 5 வேலைநாட்களுக்குள் பதிந்து அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 10 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலைநாள். அதற்குப் பிறகு ஒம்புட்ஸ்மன். செலவு ஒன்றும் இல்லை. முன்பு கவுன்சிலர் அல்லது எம்பி வழியாகப் போக வேண்டும் அல்லது 8 கிழமை காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 ஒக்டோபரோடு அது நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஆட்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது. உங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிலர் என்னிடம் சொல்வார்கள்: கவுன்சிலரிடம் கேட்டேன், அது ஹவுசிங் அசோசியேஷன் வீடு, கவுன்சிலால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அப்படி இல்லை. 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு ஹவுசிங் அசோசியேஷன் வீட்டையும் பரிசோதிக்கலாம், ஆபத்து இருந்தால் திருத்தும்படி கட்டளை அறிவித்தலும் கொடுக்கலாம். கவுன்சில் தன் சொந்த வீட்டுக்குத் தானே அறிவித்தல் கொடுக்க முடியாது; அங்கே ஒம்புட்ஸ்மனும் சமூக வீடுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும்தான். உங்கள் கவுன்சிலில் அந்தப் பிரிவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்குப் போகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கமரா வந்த பிறகுதான் கவனிப்பு வரும் என்ற நிலை இனி வேண்டாம். 2021இல் தென் நோர்வூட் ரெஜினா ரோட்டில் குரொய்டன் கவுன்சிலின் பிளாட்டுகளில் கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றியதையும் சுவர்கள் கறுத்துக் கிடந்ததையும் ஐடிவி செய்தி காட்டியது. வாடகைக்காரர்கள் அதற்கு முன்பே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பிறகு நடந்த சுயாதீன விசாரணை, வாடகைக்காரர்மீது அக்கறையும் மரியாதையும் இருக்கவில்லை என்று எழுதியது. அதே வருடம் மிட்சம் (Mitcham) பகுதியின் ஈஸ்ட்ஃபீல்ட்ஸ் குடியிருப்பில் குவாஜோ ட்வெனெபோவா என்ற இளைஞர் தன் வீட்டின் படங்களைச் சமூக ஊடகத்தில் போட்டார், நாடே பார்த்தது. இரண்டும் எங்கள் சனம் அடர்த்தியாக வாழும் பகுதிகளுக்குப் பக்கம். வாடகைக்காரர் சொன்னதைக் கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதை 2017 ஜூன் 14இல் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 உயிர்களைக் கொடுத்து இந்த நகரம் கண்டது.

மொழி பற்றி ஒன்று. திருத்த வேலைக்குப் போன் எடுப்பது பல வீடுகளில் பிள்ளைதான். ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பக்கம் அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்கிறது: நாங்கள் வீட்டைச் சரியாகத் துடைப்பதில்லையாம், அதனால்தான் பூஞ்சணமாம். தன் தாய்க்குச் சொல்லப்படும் குற்றத்தைத் தன் வாயால் மொழிபெயர்க்கிறது. இதைப் பக்கத்தில் இருந்து கேட்ட பிறகு எனக்கு அந்த இரவு நித்திரை வரவில்லை. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் 2024ஆம் ஆண்டு நியமங்கள், வாடகைக்காரரின் வேறுபட்ட தேவைகளுக்கு ஏற்றபடி தொடர்பாட வேண்டும், மரியாதையாகவும் நியாயமாகவும் நடத்த வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் எந்த மொழி வேண்டும் என்று பதிவில் இருக்க வேண்டும். திருத்த வேலைப் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்க வேண்டும். பிள்ளை பேசினால், நில்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை எடுக்கிறோம் என்று சொல்லப் பழக்க வேண்டும். இதைக் கொள்கையாக எழுத வைக்க உங்களால் முடியும். தமிழ் மட்டுமில்லை, சோமாலியும் அரபியும் வங்காளியும் பேசுகிற தாய்மாரும் இதே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தச் சட்டம் எட்டாத வீடுகளும் இருக்கின்றன. வீடில்லாமல் கவுன்சிலிடம் போய்த் தற்காலிக இடத்தில் வருடக்கணக்கில் இருக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தில் இல்லாமல், இருப்பதற்கு அனுமதி மட்டும் தரும் உரிமத்தில் இருக்கிறார்கள். அவாப் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அடுத்தடுத்த கட்டங்களில் வேறு ஆபத்துகளையும் சேர்க்க அரசு திட்டமிட்டிருக்கிறது, ஆனால் இடநெருக்கடி அதில் இல்லை. ஒரு அறைக்குள் நாலைந்து பேர் படுக்கிற வீட்டில் ஈரலிப்புக் குறையாது. இதைச் சட்டம் சொல்லாவிட்டாலும் கவுன்சில் தன் தற்காலிக வீடுகளுக்கு அதே காலக்கெடுவைத் தானாகவே ஏற்கலாம். அதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர உங்களால் முடியும்.

சந்திப்பு நாட்களில் உங்களிடம் வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. நான் சொன்னால் ஒரு காதால் கேட்பார்கள், நீங்கள் சொன்னால் செய்வார்கள். போனில் சொன்னாலும் அன்றே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளே இருக்கும் பழுதுக்கு, அறிவித்தல் கிடைத்த பிறகுதான் வீட்டு உரிமையாளரின் சட்டப் பொறுப்புத் தொடங்குகிறது. திகதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தொய்வு இருந்தால் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். வாடகைப் பாக்கி வந்தால் பேச்சே மாறிவிடும், வீடே போகலாம். முறைப்பாடு செய்தால் எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊரிலிருந்து எங்களோடு வந்த பயம். சமூக வீட்டு வாடகைக்காரரை முறைப்பாடு செய்ததற்காக வெளியேற்ற முடியாது என்பதை உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள். வழக்குப் போட்டுத் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று கதவு தட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அவசரப்பட வேண்டாம், முதலில் பகுதிச் சட்ட ஆலோசனை நிலையத்துக்கோ இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைசுக்கோ போங்கள் என்று வழிகாட்டுங்கள்.

கவுன்சிலில் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழைய கட்டடங்கள், கூரைக்கும் யன்னலுக்கும் வெளிச்சுவருக்கும் பெரும் செலவு, பல வருடங்களாக வெட்டப்பட்ட நிதி. எல்லாச் சுவரையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வேலையைத் திறந்தபடியே வைத்திருக்கச் செலவில்லை. மூடுவதற்கு முன் ஒரு போன் எடுக்கச் செலவில்லை. பிழை உங்களுடையது என்று ஒரு தாயிடம் சொல்லாமல் இருக்க ஒரு சதமும் வேண்டாம்.

இந்த மடலுக்கு உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். மேலே உள்ள கேள்விகளில் எதை, எந்தக் கூட்டத்தில் கேட்டீர்கள், அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். நான் அதைத் தமிழில் அச்சடித்து எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன், முதலில் அந்தத் தங்கச்சியின் வீட்டுக்கு.

இப்படிக்கு,
லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் உங்கள் வாக்காளர் ஒருவர்